சௌரி சௌரா: தீர்ப்புக்குள் அடைபட்ட விவசாயிகள்

1923 ஜனவரி 9 அன்று கோரக்பூர் செஷன்ஸ் நீதிபதி எச். இ. ஹோம்ஸ் ஒரே வழக்கில் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். 23 காவலர்களின் சாவுக்கு 172 உயிர் என்பது அவர் போட்ட கணக்கு. விசாரணை எட்டு மாதம் நடந்தது. நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட 228 பேரில் ஆறு பேர் தீர்ப்பைக் கேட்பதற்கு முன்பே காவலில் இறந்துபோயிருந்தார்கள்.

இந்த வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சி நம் பள்ளிப் பாடநூல்களில் ஒன்றிரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் ஒரு கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. மனம் நொந்த காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். முதல் வாக்கியத்தில் இருப்பது வெறும் ‘கூட்டம்’. பெயருள்ள மனிதர் இரண்டாம் வாக்கியத்தில்தான் வருகிறார். தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு அதுவே போதும். அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எதற்காக அன்று அங்கே போனார்கள் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. காந்தியின் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் கட்டுப்பாட்டை இழந்த பாமரர்கள் என்ற விளக்கம் அப்போது நிற்காது. அவர்கள் இயக்கத்தை ஏற்றார்கள். ஏற்றதைத் தங்கள் தேவைக்கேற்பத் திருப்பினார்கள். பிறகு அவர்களைக் கையாண்ட நீதிமன்றம், காங்கிரஸ், சுதந்திர அரசு ஆகிய மூன்றுமே அந்தத் தேவையைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ரயில் உண்டாக்கிய ஊர்

சௌரா, சௌரி என்பவை ஐக்கிய மாகாணத்தின் (இன்றைய உத்தரப் பிரதேசம்) கோரக்பூர் மாவட்டத்தில் அருகருகே இருந்த இரண்டு சிறு கிராமங்கள். 1885இல் ரயில் பாதை வந்தபோது நிலையத்துக்கு இரண்டு பெயரையும் சேர்த்து வைத்தார்கள். நிலையத்தைச் சுற்றி வணிகம் பெருகியது. சற்றுத் தள்ளியிருந்த முண்டேரா சந்தையில் பருப்பு, வெல்லம், துணி, மண்ணெண்ணெய் விற்றார்கள். போபா என்னும் இன்னொரு சந்தையில் தோல் வியாபாரம் நடந்தது. சௌராவில் காவல் நிலையம். அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் டும்ரி கிராமம்.

முண்டேரா சந்தை சந்த் பக்ஷ் சிங் என்னும் நிலவுடைமையாளருக்குச் சொந்தம். டும்ரி வட்டார நிலங்கள் ஒரு சீக்கிய ஜமீன் குடும்பத்துக்குச் சொந்தம். அவற்றைக் கவனித்துவந்தவர் சர்தார் ஹர்சரண் சிங் என்னும் காரியஸ்தர். குத்தகை வாங்குபவர், சந்தைத் தீர்வை வாங்குபவர், லத்தி வைத்திருப்பவர் மூவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். விவசாயியின் நாளில் அவன் தலைநிமிர்ந்து பேசக்கூடிய இடம் மிகக் குறைவு. முதல் உலகப் போர் முடிந்தபின் விலைவாசி ஏறிக் கிடந்த ஆண்டுகள் அவை. அருகிலுள்ள அவத் பகுதியில் பாபா ராம்சந்திராவின் பின்னால் குத்தகை விவசாயிகள் திரண்டு ஓராண்டு ஆகியிருந்தது. மதாரி பாசி நடத்திய ஏகா இயக்கமும் அதே காலத்தில்தான் எழுந்தது.

1921 பிப்ரவரி 8 அன்று காந்தி கோரக்பூருக்கு வந்தார். அவரைக் காண மக்கள் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். அவர் ஒருநாள் இருந்துவிட்டுப் போனார். அவரைப் பற்றிய கதைகள் போகவில்லை. கோரக்பூரிலிருந்து வந்த ‘ஸ்வதேஷ்’ பத்திரிகை அந்தக் கதைகளை ஊர்வாரியாக அச்சிட்டது. வறண்ட கிணற்றில் தண்ணீர் ஊறியது. காந்தியைத் திட்டியவரின் கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன. கேலி பேசியவர் வீட்டு நெய் கெட்டுப்போனது. படித்தவர்களுக்கு இவை மூடநம்பிக்கை. ஆனால் கதைகளில் யாருக்குத் தண்டனை கிடைக்கிறது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. வாக்குத் தவறியவர், குடிப்பவர், மீன் இறைச்சி தின்பவர், காந்தியை இகழும் மேல்தட்டுக்காரர், இவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். சலவைத் தொழிலாளர், நாவிதர், துப்புரவுத் தொழிலாளர் போன்றோரின் சாதிப் பஞ்சாயத்துகள் காந்தியின் பெயரைச் சொல்லிக் குடியையும் இறைச்சியையும் விலக்கின. ஊரார் தங்களைத் தாங்களே ஒழுங்கு செய்துகொள்ள அந்தப் பெயர் பயன்பட்டது. எங்கோ இருந்த மகாத்மாவுக்கு இதில் எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

பிடியரிசியும் கையொப்பமும்

1921 நவம்பரில் ஐக்கிய மாகாண அரசு தொண்டர் படைகளைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. டிசம்பரில் அகமதாபாத் காங்கிரஸ் அதற்கு நேரெதிராகப் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் தொண்டர்களாகச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஆக, உறுதிமொழிப் படிவத்தில் பெயர் எழுதுவதே கைதுக்குரிய குற்றமாகிவிட்ட நேரத்தில், 1922 ஜனவரி நடுவில், கோரக்பூரிலிருந்து கிலாஃபத் கமிட்டியை (துருக்கிக் கலீஃபாவுக்கு ஆதரவாக எழுந்து காங்கிரஸோடு இணைந்து நின்ற இயக்கம்) சேர்ந்த ஒருவர் டும்ரிக்கு வந்து தொண்டர் குழுவை அமைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதன்பின் நகரத் தலைவர்களுக்கும் அந்தக் குழுவுக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் காகித அளவிலானது.

குழுவை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள். ரங்கூன் வரை போய் வேலை செய்து திரும்பியிருந்த நஸர் அலி. சௌராவைச் சேர்ந்த லால் முகமது. வளையல் வியாபாரம் செய்யும் சாதியில் பிறந்த அப்துல்லா. பிற்பாடு வழக்கின் திசையையே தீர்மானித்த சிகாரி. பகவான் அஹீர் முன்னாள் சிப்பாய். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக மெசபடோமியா வரை போய்வந்தவர், அரசு ஓய்வூதியம் வாங்குபவர். தொண்டர்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தது அவர்தான். பேரரசு கற்றுக்கொடுத்த டிரில் பேரரசுக்கு எதிராகவே திரும்பியது. இது கோரக்பூரில் மட்டும் நடந்ததில்லை. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் இருந்த பல நாடுகளிலும் நடந்ததுதான்.

குழுவின் அன்றாடச் செலவுக்கு வீட்டுக்கு வீடு தானியம் வாங்கினார்கள். சமைப்பதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கும் வழக்கம். நம் ஊரில் பிடியரிசி என்போமே, அதுதான். இதைச் செய்தவர்கள் பெண்கள். நீதிமன்றப் பதிவுகளில் அவர்கள் அநேகமாக இல்லை. தண்டனை பெற்ற ஒருவரின் மனைவி மிகுந்த முதுமையில் வரலாற்று ஆய்வாளர் ஒருவரிடம் பேசும்போதுதான் பிடி தானியமும், தொண்டர்களுக்குக் காவித் துணி சாயம் போட்டதும், சாப்பாடு போட்டதும் வெளியே வந்தன. தொண்டர் என்றால் யார் என்று கேட்டதற்குக் கொள்கையைச் சொல்லாமல், அவர்கள் எப்படி உடுத்தினார்கள், எதை வாங்கிப் போனார்கள் என்று சொன்னார் அவர். வரலாற்றாசிரியருக்குக் கிடைத்த எந்தக் காவல்துறைக் கோப்பிலும் இந்தத் தகவல் இல்லை. ஒரு கிராமத்தில் இயக்கம் எப்படி உயிரோடு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் ஒதுக்கிய ஒரு பிடியும் படிவத்தில் வைத்த கைநாட்டும் ஒரு குடும்பத்தை இயக்கத்தோடு பிணைத்தன. பின்னாளில் அதே படிவங்கள் போலீஸின் கையில் சிக்கி, யாரைத் தேடிப் பிடிப்பது என்பதற்கான பட்டியலாகின.

சந்தையில் நடந்த அடி

தொண்டர்கள் குறிவைத்தது முண்டேரா சந்தையை. கள், கஞ்சா, அந்நிய துணி ஆகியவற்றுக்கு எதிரான மறியல் காங்கிரஸ் திட்டத்தில் இருந்தது. மீனும் இறைச்சியும் விற்கக் கூடாது, விற்றால் நியாய விலைக்கு விற்க வேண்டும் என்பது அவர்களே சேர்த்துக்கொண்டது. சந்தையின் விலையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியைச் சந்தைக்காரரின் முகத்துக்கு நேராக அவர்கள் எழுப்பிவிட்டார்கள். சந்த் பக்ஷ் சிங்கின் ஆட்கள் தொண்டர்களைத் துரத்தினார்கள். காவல் நிலைய அதிகாரி குப்தேஷ்வர் சிங் வந்தார். பிப்ரவரி முதல் நாட்களில் பகவான் அஹீரும் வேறு சிலரும் அவர் கையால் அடி வாங்கினார்கள். சர்க்காரிடம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இந்த வேலையா என்பது அந்த அடிக்குப் பின்னால் இருந்த கோபம்.

இந்த அடியைத் தவிர்த்துவிட்டுப் பிப்ரவரி 4ஐப் புரிந்துகொள்ள முடியாது. அடி வாங்கியவர் ஊரில் மரியாதை உள்ள ஆள், பலருக்குப் பயிற்சி கொடுத்தவர். அடி விழுந்ததோ எல்லோரும் பார்க்கும் சந்தையில். மறுநாளே சுற்று வட்டாரத் தொண்டர் குழுக்களுக்குச் செய்தி போனது: சனிக்கிழமை சந்தை நாளில் டும்ரிக்கு வந்து சேருங்கள்.

பிப்ரவரி 4

சனிக்கிழமை காலை டும்ரியில் பிஹாரி பாசியின் களத்துமேட்டில் கூட்டம் சேர்ந்தது. தலைவர்களுக்கு மாலை போட்டார்கள், வெல்லம் கொடுத்தார்கள். தானேதாரிடம், அதாவது காவல் நிலைய அதிகாரியிடம், போய் எங்கள் ஆட்களை ஏன் அடித்தாய் என்று கேட்பது, அப்படியே முண்டேராவுக்குப் போய் மறியல் செய்வது என்பது திட்டம். துப்பாக்கி சுட்டாலும் பின்வாங்கக் கூடாது என்று நஸர் அலி சத்தியம் வாங்கினார் என்று சிகாரி பின்னர் சாட்சி சொன்னார். இடையில் வந்து சமாதானம் பேசியவர்களும் இருந்தார்கள். கூட்டம் கேட்கவில்லை.

காவல் நிலைய வாசலில் கோரக்பூரிலிருந்து வந்த ஆயுதக் காவலர்களும் சிவப்புத் தலைப்பாகை கட்டிய சௌகிதார்களும் (கிராமக் காவலர்கள்) வரிசையாக நின்றார்கள். காரியஸ்தர் ஹர்சரண் சிங் நடுவில் நின்று பேசினார். ஊர்வலம் போகட்டும் என்று அதிகாரி வழிவிட்டார். ஊர்வலத்தின் பெரும்பகுதி கடந்தும் போய்விட்டது. ஆயிரக்கணக்கானோர் சட்டவிரோதத் தொண்டர்களாக வந்து நின்றபோது அதிகாரி வழிவிட்டதே கூட்டத்தின் கண்ணில் பெரிய வெற்றி. கைதட்டினார்கள், கேலி செய்தார்கள். கைகலப்பு எப்படித் தொடங்கியது என்பதில் சாட்சிகள் ஒன்றுபடவில்லை. கூட்டத்தின் பின்பகுதியில் சௌகிதார்கள் கம்பை வீசினார்கள் என்கிறது ஒரு தரப்பு.

போலீஸ் முதலில் வானத்தை நோக்கிச் சுட்டது. யாரும் விழவில்லை. காந்தியின் அருளால் தோட்டாக்கள் தண்ணீராகிவிட்டன என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கலைக்கச் சுட்ட வெடி துணிச்சலைக் கொடுத்துவிட்டது. பக்கத்தில்தான் ரயில் பாதை. சரளைக் கற்களுக்குப் பஞ்சமில்லை. கல்மழை பொழிந்தது. அடுத்த முறை போலீஸ் ஆட்களைப் பார்த்துச் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். காவலர்கள் பின்வாங்கி நிலையத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். முண்டேரா சந்தையிலிருந்து மண்ணெண்ணெய் வந்தது. கட்டடம் எரிந்தது. வெளியே ஓடிவந்தவர்கள் அடித்துக் கொல்லப்பட்டுத் தீயில் போடப்பட்டார்கள். தப்பிய ஒன்றிரண்டு பேர் காவலர் என்ற அடையாளத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் தப்ப முடிந்தது.

இதை மெழுகிப் பூச வேண்டியதில்லை. இறந்தவர்களில் குப்தேஷ்வர் சிங் மட்டும் இல்லை. சௌகிதார் என்பவர் சொற்பச் சம்பளத்துக்கு இரவு ரோந்து போகும் கிராமத்து ஆள். அந்த வேலைக்குப் பெரும்பாலும் பாசி போன்ற தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்தே ஆள் எடுத்தார்கள். எரித்தவர்களும் எரிந்தவர்களும் ஒரே மண் குடிசைகளிலிருந்து வந்திருக்கக் கூடும். சிவப்புத் தலைப்பாகை மட்டும் இடையில் நின்றது. விளிம்புநிலை மக்களின் போராட்டத்தைப் போற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

பர்தோலியிலிருந்து வந்த பதில்

குஜராத்தின் பர்தோலியில் சட்டமறுப்பு தொடங்கும் தறுவாயில் இருந்தார் காந்தி. பிப்ரவரி 1 அன்றுதான் வைஸ்ராய் ரீடிங்குக்கு இறுதி எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருந்தார். கோரக்பூர்ச் செய்தி வந்ததும் எல்லாம் நின்றது. பிப்ரவரி 11, 12 தேதிகளில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி சட்டமறுப்பைக் கைவிட்டது. காந்தி ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். 16ஆம் தேதி ‘யங் இந்தியா’வில் அவர் எழுதிய கட்டுரையில் காவலர்கள் மிகுந்த ஆத்திரமூட்டியிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டே, கொலையை மன்னிக்க மறுத்தார். குற்றம் செய்து வருந்துபவர்கள் தாங்களே அரசிடம் சரணடைந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதே கட்டுரையில் சென்னைக்கும் ஓரிடம் உண்டு. ஜனவரி 13 அன்று வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது நடந்த கலவரம் தனக்குத் தரப்பட்ட எச்சரிக்கை, தான் அதைச் செவிமடுக்கவில்லை, சௌரி சௌராவின் வழியாகக் கடவுள் தெளிவாகப் பேசிவிட்டார் என்று எழுதினார்.

அகிம்சை அவருக்கு உயிர்க் கொள்கை; ஆகவே நிறுத்தியதில் முரண் இல்லை. சிறையிலிருந்த ஜவாஹர்லால் நேருவும் மற்றவர்களும் கோபப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது பர்தோலித் தீர்மானத்தின் இன்னொரு பகுதி. குடியானவர்கள் ஜமீன்தார்களுக்குக் குத்தகையைக் கொடுக்காமல் நிறுத்துவது காங்கிரஸ் தீர்மானங்களுக்கு முரணானது, நாட்டு நலனுக்குத் தீங்கானது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி காரியக் கமிட்டி தொண்டர்களைக் கேட்டுக்கொண்டது. ஜமீன்தார்களின் சட்டப்பூர்வ உரிமைகளைத் தாக்கும் எண்ணம் இயக்கத்துக்கு இல்லை என்றும் உறுதி கூறியது.

ஒரு காவல் நிலையம் எரிந்ததற்கும் குத்தகைக்கும் என்ன சம்பந்தம்? காரியக் கமிட்டிக்குச் சம்பந்தம் தெரிந்திருக்கிறது. சுயராஜ்யம் என்றால் குத்தகை குறையும் என்று விவசாயிகள் எதிர்பார்க்கிறார்கள் என்பதும், அந்த எதிர்பார்ப்பை அப்படியே விட்டால் இயக்கத்தின் கடிவாளம் வேறு கைக்குப் போய்விடும் என்பதும் அவர்களுக்குப் புரிந்திருந்தது. வன்முறைக்காக மட்டுமே பின்வாங்கினார்கள் என்று இதைப் படித்தபின் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு அச்சங்களும் ஒரே தீர்மானத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன.

மார்ச் 10 அன்று காந்தியும் கைதானார். 18 அன்று அகமதாபாத் நீதிமன்றத்தில் சௌரி சௌராவின் கொடுஞ்செயல்களுக்குத் தனக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லி ஆறாண்டுச் சிறைத் தண்டனையை ஏற்றார். பொறுப்பை ஏற்றது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அந்தக் கூண்டுக்கு வெளியே, கோரக்பூர்ச் சிறையில் இருந்தவர்கள் காங்கிரஸின் சத்தியாகிரகிகளாகக் கருதப்படவில்லை. அரசியல் கைதிக்குரிய மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் குற்றவாளிகள்.

அப்ரூவரின் குரல்

ஹோம்ஸ் எப்படி 172 பேரை ஒருசேரத் தூக்குக்கு அனுப்ப முடிந்தது? ஒரு சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காகக் கொலை நடந்தால் கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் கொலைக்குப் பொறுப்பு என்றது அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு. யார் அடித்தார், யார் கொளுத்தினார் என்று தனித்தனியாக மெய்ப்பிக்க வேண்டிய கஷ்டம் இல்லை. ஆள் அங்கே இருந்தாரா, தொண்டரா, அவ்வளவுதான். உறுதிமொழிப் படிவங்கள் அங்கேதான் பயன்பட்டன. கிராமங்களில் போலீஸ் நுழைந்து ஆட்களை வாரிக்கொண்டு போனது. ஓடியவர்களின் வீட்டார் தொல்லைக்கு ஆளானார்கள்.

ஆயினும் படிவங்கள் கதை சொல்லாது. அரசுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அதைத் தந்தவர் சிகாரி. தொண்டர் குழுவைக் கட்டியவர்களில் ஒருவரான அவர் பிடிபட்டபின் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறினார். டும்ரிக் கூட்டம், அங்கே எடுத்த சத்தியம், ஊர்வலத்தின் பாதை, யார் முன்னால் போனார்கள், யார் என்ன சொன்னார்கள் எல்லாம் அவருடைய சாக்குமூலத்தில் இருக்கின்றன. இன்று சௌரி சௌராவைப் பற்றி எழுதும் எவரும், இந்தக் கட்டுரையும்கூட, சிகாரியின் வாக்கைச் சார்ந்தே நிற்கிறோம். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கலகக்காரர் சொன்ன சொல் அது. அரசு வழக்கறிஞருக்குச் சதித்திட்டம் வேண்டும். சிகாரியின் சாட்சியத்தில் திட்டம் இருக்கிறது. கூட்டத்தில் நின்று கைதட்டியவனுக்கு என்ன தோன்றியது, சந்தை விலையைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பதை எந்த வழக்கறிஞரும் கேட்கவில்லை. கேட்காததால் பதிவில் இல்லை.

மேல்முறையீட்டில் விவசாயிகளுக்காக அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் மதன் மோகன் மாளவியா. தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்த அவர் இந்த வழக்குக்காக மீண்டும் கறுப்பு அங்கி அணிந்தார். காங்கிரஸ் தரப்பில் யாருமே கை கொடுக்கவில்லை என்று சொல்பவர்கள் அவரை மறந்துவிடக் கூடாது. 1923 ஏப்ரல் 30 அன்று தலைமை நீதிபதி கிரிம்வுட் மியர்ஸும் நீதிபதி பிகட்டும் தீர்ப்புச் சொன்னார்கள். 172 தூக்கு 19 ஆகக் குறைந்தது. 110 பேருக்கு ஆயுள்கால நாடுகடத்தல். மற்றவர்களில் பலருக்கு நீண்ட சிறை. கம்யூனிஸ்ட் தலைவர் எம். என். ராய் வெளிநாட்டிலிருந்தபடி இதைச் சட்டத்தின் பெயரால் நடக்கும் கொலை என்று கண்டித்தார்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு பகுதி என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தது. இந்த விவசாயிகள் சுயராஜ்யத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று நீதிபதிகள் விளக்குகிறார்கள். வரி என்பது சிறு தொகையாகவோ களத்துமேட்டில் கொடுக்கும் கொஞ்சம் தானியமாகவோ சுருங்கிவிடும். நிலத்துக்குப் பெயரளவுக் குத்தகை போதும். அப்படியொரு பொற்காலம் வரும் என்று அவர்களை நம்ப வைத்தார்கள் என்பது நீதிபதிகளின் கணிப்பு. ஏமாந்துபோன அப்பாவிகள் என்று காட்டவே அதை எழுதினார்கள். தண்டனையைக் குறைக்க அது உதவியும் இருக்கலாம். ஆனால் அதே பத்தியைச் சற்றுத் தள்ளி நின்று படித்தால், ஒரு குத்தகை விவசாயியின் அரசியல் கோரிக்கை முழுதாக அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் நீதிபதிகள் எழுதிவைத்ததைக் காங்கிரஸ் தீர்மானம் மறுத்தது. விவசாயிகள் தங்கள் கையால் எழுதியதோ எங்கும் இல்லை.

தூக்கு 1923 ஜூலையில், 2ஆம் தேதியிலிருந்து 11ஆம் தேதிக்குள், வெவ்வேறு சிறைகளில் நடந்தது. பத்தொன்பது பேரின் பெயரை ஒருமுறை படித்துவிடலாம், தமிழில் அவை அதிகம் அச்சாகவில்லை: அப்துல்லா, பகவான், பிக்ரம், துதாய், காளிசரண், லால் முகமது, லௌட்டூ, மகாதேவ், மேகு என்னும் லால் பிஹாரி, நஸர் அலி, ரகுபீர், ராம்லகன், ராம்ரூப், ருதாலி, சகதேவ், சம்பத் என்ற பெயரில் இருவர், ஷ்யாம் சுந்தர், சீதாராம். இதில் கொல்லர் சாதியினர் உண்டு, படகோட்டி சாதியினர் உண்டு, தண்ணீர் சுமந்த கஹார் உண்டு, தோல் தொழிலில் தள்ளப்பட்ட சமார் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, பிராமணரும் உண்டு. மேடையில் பேசப்பட்ட இந்து முஸ்லிம் ஒற்றுமையும் சாதி கடந்த ஒற்றுமையும் ஒரு பட்டியலில் நேர்ந்துவிட்டன. பட்டியலைத் தயாரித்தது தூக்குமேடை.

இரண்டு நினைவுச் சின்னங்கள்

சம்பவம் நடந்த மறு ஆண்டே பிரிட்டிஷ் அரசு இறந்த காவலர்களுக்குக் காவல் நிலைய வளாகத்தில் நினைவுச் சின்னம் எழுப்பியது. சுதந்திரத்துக்குப் பின் அதை யாரும் இடிக்கவில்லை. ‘ஜெய் ஹிந்த்’ என்று அதில் சேர்த்து எழுதினார்கள். தூக்கில் போடப்பட்டவர்களுக்கு நெடுநாள் எதுவும் இல்லை. 1971இல் உள்ளூர் மக்கள் தியாகிகள் நினைவுக் குழு ஒன்றை அமைத்து, 1973இல் 12 மீட்டருக்குச் சற்று உயரமான முக்கோணத் தூணை ஏரிக்கு அருகில் கட்டினார்கள். கழுத்தில் கயிற்றோடு தொங்கும் உருவத்தை அதன் பக்கங்களில் பதித்தார்கள். அரசு அடிக்கல் நாட்டியது 1982இல், இந்திரா காந்தி வந்து. திறந்துவைத்தவர் பிரதமர் நரசிம்மராவ், 1993இல். தூக்கு நடந்து எழுபதாண்டு கழிந்திருந்தது. பிறகு ஒரு ரயிலுக்குச் சௌரி சௌரா என்று பெயர் வைத்தார்கள். 2021இல் நூற்றாண்டு விழாவைத் தொடங்கி அஞ்சல்தலை வெளியிட்டார்கள்.

அங்கீகாரம் வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்தபோது அது ஒரு விலையோடு வந்தது. 1922இல் கொடியவர்களாக இருந்தவர்கள் இப்போது மாசற்ற தேசபக்தர்கள். தேசபக்தருக்குச் சந்தை விலையில் சண்டை இருக்காது, ஜமீன் காரியஸ்தரோடு கணக்கு இருக்காது, தானேதார் சந்தையில் அடித்த அடிக்குப் பதில் கேட்கும் கோபம் இருக்காது. விழா உரைகளில் அவர்கள் அந்நிய ஆட்சியை மட்டும் எதிர்த்தவர்களாக வருகிறார்கள். முண்டேரா சந்தையின் உரிமையாளர் இந்தியர். டும்ரி ஜமீன் இந்தியருடையது. குப்தேஷ்வர் சிங்கும் அவருடைய சௌகிதார்களும் இந்தியர்களே. அன்று காலை களத்துமேட்டிலிருந்து புறப்பட்டவர்களின் வழியில் எதிர்ப்பட்டவர்களில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை.

தண்டனை முடிந்து திரும்பிய நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி இந்தச் சின்னங்கள் எதுவும் பேசுவதில்லை. இளமையைச் சிறையில் தொலைத்துவிட்டு அவர்கள் வந்து சேர்ந்தது அதே ஜமீனின் நிலத்துக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1952இல்தான்.